காற்று என்ன விலை?

இனிமேல் சந்தோஷமாக இருப்பதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. ஆடிக்கொண்டே யோசித்து எடுத்தது.

குடித்துவிட்டு ஆடியதாக நினைக்க வேண்டாம். ஆடியது நாற்காலி.

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் ஒரு துரையின் வீட்டுச் சாமான்கள் லேலாங்குக்கு வந்தன. ஏலத்துக்கு இங்கே அதுதான் பேர், டாலருக்கு வெள்ளி. பழைய சாமான் வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை, என்னை ஏமாற்றியவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள். நல்ல வாத்தியார்கள். அதனால் அந்த ஆடும் நாற்காலியை நாலே வெள்ளிக்கு அடித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு முன்னறையில் இறக்கினேன். முன்னறைதான் கடை. பின்னால் குடித்தனம். நடுவில் ஒரு துணித் திரை.

திரையை விலக்கிக்கொண்டு என் மனைவி பவுனம்மாள் வந்தாள். நாற்காலியின் கையைத் தடவினாள்.

"ஏங்க, இதை நமக்கே வச்சுக்கலாமா? அடுப்படியில நின்னு நின்னு இடுப்பு விட்டுப் போகுது."

"கடைச் சாமான் கடைச் சாமான்தான். வீட்டு ஆளுங்க அதுல உக்காரக் கூடாது. காசு குடுத்து வாங்குறவனுக்குத்தான் நாற்காலி."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் பயப்பட வேண்டும். பத்தொன்பது வருஷமாகியும் அந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு ஏறவில்லை.

அந்த வாரம் எனக்கு மனசே சரியில்லை. அது நெசம். தெரிந்த முகமெல்லாம் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கடைக்கு ஒருத்தன் வரவில்லை. பேரம் பேச ஆளில்லாத நாள் எனக்கு உப்பில்லாத கஞ்சி. கத்துவதற்கு ஆள் இல்லாமல் கோபமெல்லாம் உள்ளேயே ஊறிப் புளித்துவிட்டது.

அப்படி ஒரு மத்தியானம், மரம் கீச்சிடுகிறதா என்று பார்க்கத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொழில் முறையில்.

அது என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முன்னே ஒரு ஆட்டம், பின்னே ஒரு ஆட்டம். வெளியே மழை. செங்கல் சூளைப் புகை எழும்ப முடியாமல் கூரைக்குக் கூரை படுத்துப் படுத்து நகர்ந்தது. ரயில் பட்டறைச் சங்கு எங்கோ கடலுக்கு அடியில் ஊதுவதுபோல் ஊதியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது எனக்குப் பதினாறு வயசு. மேல்தட்டில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் படுத்து, நட்சத்திரமெல்லாம் பாய்மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடுவதைப் பார்த்தேனே, அந்த ஆட்டம். அந்தக் கப்பலைவிட்டு நான் இறங்கவே இல்லையோ என்று தோன்றியது. துரை ஊருக்குப் போகும்போது தன் சுகத்தையெல்லாம் இதிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மூணு நாள் ஆடினேன். நாலாம் நாள் மனசு பளிச்சென்று ஆகிவிட்டது.

அங்கேதான் சிக்கல். மனசு சரியாகிவிட்டது என்று சொன்னால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் நாற்காலி மறுபடி கடைச் சாமான். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமைத் தீர்மானம். மூணு நாள் நெசமான சோர்வு. அதன்பிறகு சோர்வு நான் நெய்தது, சரிகை வைத்து.

காய்காரி மாரியாயி வாசலில் கூடையை இறக்கினாள். "முருங்கைக்காய் கட்டு எட்டுக் காசுண்ணே."

"குடுத்துட்டுப் போ," என்றேன், கண்ணைத் திறக்காமல்.

மாரியாயி பயந்துபோய்த் திரைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். "அக்கா! அண்ணன் பேரமே பேசல! சீக்கிரம் வந்து பாருங்க!"

பவுனம்மாள் வந்து பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. முதல் நாள் சுக்குக் காப்பி. மறுநாள் நல்லெண்ணெய்க் குளியல். சீயக்காய் கண்ணில் இறங்கியபோது நான் போட்ட சத்தத்தில் சோர்வு கிட்டத்தட்ட அம்பலமாகிவிட்டது. சமாளித்து, துவட்டின கையோடு நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னாள்: "ஆத்தங்கரைப் பக்கம் போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களேன். மனசு லேசாகும்."

"காத்து என்ன விலை?"

"சும்மா கிடைக்குதுங்க."

"சும்மா கிடைக்கிற சரக்கை நான் வாங்குறதில்ல. அதுல ஏதோ கோளாறு இருக்கும்."

"இந்த ஊர் மலாய்க்காரங்க உலாத்தப் போறதுக்கு 'மக்கான் ஆஙின்'னு சொல்றாங்க. காத்தைச் சாப்பிடுறதாம். நீங்க வாங்க வேணாம், சாப்பிட்டுட்டாவது வாங்க."

"பசியில்ல," என்று ஆடினேன்.

"சரிங்க," என்றாள்.

பயந்தேனா? இல்லை. கண்ணை மூடிக் கப்பல் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஸ்டானிஸ்லாஸ் வந்தார். ரயில்வேயில் கிளார்க். நூல் பிடித்தாற்போல் சட்டை, பொய் சொன்னால் உடனே பாதிரியாரிடம் ஓடுகிற மனுஷன். பவுனம்மாளைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் நான் மச்சான்.

"என்ன மச்சான், மனசு சரியில்லையாமே? ஒரு வழி சொல்றேன். கிடைச்ச நல்லதையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பாருங்க."

"எனக்கு எதுவும் கிடைச்சதில்ல ஸ்டானிஸ்லாஸ். எல்லாம் பேசி வாங்கினது."

"அப்ப ஒரு பாட்டுப் பாடுங்க."

"நான் பாடினா உங்க வீட்டுக் கோழி முட்டை விடாது."

அவர் பெருமூச்சு விட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனார். "தங்கச்சி, ஒரு வாய் காப்பி குடும்மா," என்றார். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கியது.

சனிக்கிழமை காலை ஸ்டானிஸ்லாஸ் மறுபடி வந்தார். இந்த முறை நேராக நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், இது விலைக்குத்தானே?"

"மனசு சரியில்ல. அப்புறம் பேசலாம்."

"ஒரு தங்கச்சிக்கு இடுப்பு வலி. அவளுக்காகக் கேக்குறேன்."

அவருக்குக் கிள்ளானில் கெர்ட்ரூட் என்று ஒரு தங்கை உண்டு. பாவம், அந்தம்மாவுக்கும் இடுப்பு வலியா என்று நினைத்துக்கொண்டு ஆடினேன்.

பவுனம்மாள் திரையிலிருந்து தலையை நீட்டினாள். "அவரைத் தொந்தரவு பண்ணாதீங்கண்ணே. என்ன விலைக்குக் கேக்குறீங்க?"

"மூணு வெள்ளி."

"பழசுதானே, எடுத்துக்கிட்டுப் போங்க."

கப்பல் தரை தட்டியது.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "மூணா? மூணு வெள்ளியா? யோவ், இது பர்மாத் தேக்குய்யா! இதைத் தட்டிப் பாரு, கோயில் மணி மாதிரி பேசும்! மூணு வெள்ளிக்கு இதோட நிழலைத் தரேன், சுருட்டிக்கிட்டுப் போ!"

"நாலு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"துரை உக்காந்த இடம்!"

"துரை எழுந்து போயிட்டாரே மச்சான். அஞ்சு."

"பின்னல் பிரம்பைப் பாரு! ஒரு இழை போயிருக்கா?"

"நடுவுல பள்ளமா இருக்கு."

"அது என் பள்ளம்! ஒரு வாரமா நான் பாடுபட்டுப் போட்டது! அதுக்குத் தனியா ஒரு வெள்ளி!"

ஆகா! புளித்துக் கிடந்த கோபமெல்லாம் தேனாக இறங்கியது. தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மாரியாயி கூடையோடு நின்று, "அண்ணன் பொழைச்சுக்கிட்டாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறு, ஆறரை, ஏழு. மனுஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் விடவில்லை. ஒன்பது வெள்ளியில் அவர் கையை நீட்ட, நான் என் கையை ஓங்கி அடித்தேன். பட்டென்று தெரு முழுக்கக் கேட்டது. கையடித்தால் முடிந்தது. கையடித்துவிட்டு மாறியவன் என்ற பேர் இந்த மலாய் நாட்டில் எனக்குக் கிடையாது.

ஸ்டானிஸ்லாஸ் பணத்தைக் கொடுத்தார். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். நாலுக்கு வாங்கி ஒன்பதுக்கு! வழக்கம்போல் பணத்தை அப்படியே பவுனம்மாளிடம் நீட்டினேன். அவள் வழக்கம்போல் கொண்டுபோய் அரிசி டின்னில் போட்டாள்.

மனசு பஞ்சாய்ப் பறந்தது. ராகம் வேறு வந்தது. பாடிக்கொண்டே, ஒரு வாய் காப்பிக்காகத் திரையை விலக்கினேன்.

அடுப்படியில் ஒரு மழைக்கால வெளிச்சம். பின்வாசல் திறந்திருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நாற்காலி. நாற்காலியில் பவுனம்மாள். முன்னே ஒரு ஆட்டம், பின்னே ஒரு ஆட்டம். கண் பாதி மூடியிருந்தது. அவளும் ஏதோ ஒரு கப்பலில் போய்க்கொண்டிருந்தாள்.

"யோவ்! தங்கச்சிக்குன்னு சொன்னியே!"

"தங்கச்சிக்குத்தானே மச்சான் வாங்கினேன்," என்றார், துளிப் பொய்யில்லாத முகத்தோடு.

"கடைச் சாமான்ல எப்படிடி உக்காந்த?"

"கடைச் சாமானை நீங்கதான் வித்துட்டீங்களே. இது காசு குடுத்து வாங்கினது."

"எந்தக் காசு?"

"அரிசி டின்னுக் காசு. போன வேகத்துல திரும்பி வந்துருச்சு."

எனக்கு மனசு மறுபடி கனத்தது. இந்த முறை சரிகை இல்லாமல், நெசமாகவே. "பவுனம், மனசு சரியில்ல. சித்த நேரம் நான் உக்காரட்டுமா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஆத்தங்கரைப் பக்கம் போய்க் காத்து வாங்குங்க. சும்மாதான் கிடைக்குது."

போனேன். அன்றைக்குப் பார்த்து ஒரு இலைகூட அசையவில்லை.