குதிரைக்கு மாலை கட்டிய தவிட்டு மாமா

ஊட்டியில் மனிதர்களை 'டேய்' என்றும் குதிரைகளை 'ஏனுங்க' என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் எங்கள் தவிட்டு மாமாதான். ஏரிக்குப் பக்கத்தில் தீவனக் கடை வைத்திருந்தார். கவுன்சிலரே வந்தாலும், "ஓரமா நில்லுடா, ராணி வாராங்கல்ல!" என்பார். ராணி என்பது செல்வியக்காவின் சவாரிக் குதிரை. புருஷன் போன பிறகு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அதுதான்.

இரண்டு கட்சிக்காரர்கள் வெட்டிக்கொண்டு, பஸ் எரிந்து, ஊரே அடைத்துக் கிடந்த வாரம் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி ஏறவில்லை. மாமா கடையில் கொள்ளும் தவிடும் தீர்ந்துபோயின. ஐயோ, பட்டினி கிடக்கிறதே என்று, மார்க்கெட்டில் விற்காமல் குவிந்து கிடந்த முட்டைக்கோஸைத் தெருவே ராணிக்கு அள்ளிப்போட்டது. மறுநாள் வயிறு பானையாக உப்பி, ராணி தரையில் புரண்டது.

"கோஸைப் போட்டவன் எவன்டா? அவன் வவுத்துல ஏறி மிதிக்கறேன், வாங்கடா!" என்று மாமா குதித்தார்.

மாட்டாஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். நடுவில் கட்சிக்காரர்களின் மறியல். பால் வண்டி, ஆம்புலன்ஸ், சாவு வண்டி மட்டும்தான் விடுவார்கள். மாமா யோசிக்கவே இல்லை. ராணியை எழுப்பி பிக்கப்பில் ஏற்றி, தார்ப்பாயால் மூடி, வண்டி முகப்பில் பெரிய சாமந்தி மாலையைக் கட்டினார். "ஏனுங்க ராணி, கொஞ்ச நேரம் செத்தவங்க மாதிரி சத்தம் போடாம இருங்க" என்று காதில் சொன்னார். செல்வியக்கா முன்சீட்டில் உட்கார்ந்து அழுதார். அவர் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

மறியல் பையன்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வழியை அடைத்திருந்த கல்லை மரியாதையாகப் புரட்டினார்கள். அப்போதுதான் பிணம் கனைத்தது.

தார்ப்பாயை இழுத்தார்கள். கட்டைகள் உயர்ந்தன. "யாருகிட்ட ஏமாத்தறே, பெரிசு?"

"டேய், உசிரோட இருக்கையிலயே மாலையைக் கட்டிட்டேன். கழட்டறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்கடா!"

அவர்களுடைய தலைவன், "மேல கேக்கணும்" என்று போனை எடுத்தான். கட்சியில் மேலே இருந்தவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். செல்வியக்கா அவன் காலில் விழுந்தார். வண்டியில் ராணி முட்டி மடங்கிச் சாய்ந்தது. பிறகு எழவே இல்லை.

தலைவன் எட்டிப் பார்த்தான். "இப்பப் போலாம்" என்றான். அவர்கள் போட்ட சட்டப்படி அது இப்போது சாவு வண்டி.

மாமா மாலையைக் கழற்றாமலேயே வண்டியைத் திருப்பினார்.

அடுத்த நாள் காலை என் வீட்டுக் கதவை உதைத்தார். "மறியலுக்கு அந்தப் பக்கம் பால்காரன்கிட்டத் தவிடு இருக்குதாமா. மத்த குதிரைங்க பட்டினி கிடக்கறாங்கடா, சாக்கை எடு!"

கட்டைகளோடு நின்றவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தார். நானும் சாக்கோடு பின்னாலேயே போனேன். அந்த மனுஷன் கூப்பிட்டால் நெருப்புக்குள்ளும் போவேன்.