பிரேக்குக்குள் காற்று

பிரேக் பிடியை அமுக்கினால் அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடிவரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. விட்டால் சோம்பலாகத் திரும்பி வந்தது. நிதானம் அதை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முன் சக்கரத்தருகே இருந்த சின்னத் திருகைத் திறந்து, உள்ளே இருந்த எண்ணெயைப் பழைய பெயிண்ட் டப்பாவில் வடித்துவிட்டது அவரேதான்.

அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் அவர் கிடங்கு அதிகாரி. எதைக் கேட்டாலும் "நிதானமா பண்ணலாம் சார்" என்பார். அதனால் அந்தப் பெயர். வேலையில் இருந்த நிதானம் வாயில் இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

ஒருநாள் தேநீர் நேரத்தில் மேனேஜர் சொன்னார்: "காலேஜ் நாள்ல நான் மலையில சைக்கிள் விடாத நாளே கிடையாது. இறக்கத்துல பிரேக்கையே தொட மாட்டேன்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நிதானம் சும்மா இருந்திருக்கலாம். "நானும்தான் சார். பாதி வழி கண்ணை மூடிட்டே இறங்குவேன்" என்று அள்ளி விட்டார்.

அவ்வளவுதான். "அப்ப எல்லாருமா ஒருநாள் போகலாமே!" என்று யாரோ கத்த, மேஜையைத் தட்டி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "போனா எல்லாரும் போகணும். ஒருத்தர் சைக்கிள் சரியில்லைன்னாலும் யாரும் போக வேண்டாம். குழுன்னா குழு."

வீட்டில் சொன்னதும் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே தன் தம்பியிடம் பேசி, அவனுடைய மலைச் சைக்கிளை வரவழைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது.

நிதானம் ஒருநாள் பஸ் ஏறி அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார். உச்சியில் நின்று எட்டிப் பார்த்தபோது, பாதை கீழே விழுவது தெரிந்தது. எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரியவில்லை. பூசணிக்காய் பூசணிக்காயாகக் கற்கள். திரும்பி வரும் பஸ்ஸில்கூட முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதனால்தான் சனிக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பியதும், அந்தத் திருகைத் திறந்தார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், பெரிய சிக்கலாயிடுச்சு. முன் பிரேக் போச்சு."

மறுமுனையில் மேனேஜரின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"முழுசாப் போச்சா?"

"முழுசாவே போச்சு சார். நாளைக்கு என்னால மத்தவங்களுக்கும் கஷ்டம்..."

"தொடாதீங்க!" என்றார் மேனேஜர். "கடைக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க. வேற யாரையும் கை வைக்க விடாதீங்க. நானே வர்றேன்."

நிதானம் அவசரமாக அந்தப் பெயிண்ட் டப்பாவை ஒளித்து வைத்தார்.

மேனேஜர் டாக்சியில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை. பைக்குள் சிரிஞ்ச், குழாய், எண்ணெய் பாட்டில், விதவிதமான சாவிகள். கைக்குக் கறுப்பு உறை. அதை அவர் விரல் விரலாக இழுத்து மாட்டியதைப் பார்த்ததும், கதை கந்தல் என்று நிதானம் முடிவு கட்டிவிட்டார். இந்த மனுஷன் சரி பண்ணாமல் போகமாட்டார்.

"பிரேக்னா வேற ஒண்ணுமில்ல, எண்ணெய்," என்றார் மேனேஜர், முற்றத்தில் சம்மணம் போட்டுக்கொண்டே. "எண்ணெய்க்கு எதிரி காத்து. காத்து உள்ள இருந்தா அமுக்கினது அமுங்கிட்டே போகும், சக்கரத்தைப் பிடிக்காது. கீழேருந்து எண்ணெயை ஏத்தணும். காத்து மேல வழியா ஓடிடணும்."

சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். பிடியின் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைத் திருகினார். சிரிஞ்சில் எண்ணெயை இழுத்தார். அதில் பாதி எண்ணெய், பாதி காற்று. நிதானத்தின் கண்ணில் அது நன்றாகவே பட்டது. சொல்லவேண்டியது அவர் கடமை. சொல்லவில்லை.

மேனேஜர் அமுக்கினார். மேலே கிண்ணத்தில் வெந்நீர் கொதிப்பது மாதிரி குமிழிகள் கிளம்பின.

"நிறைய குமிழி வருதே சார்?"

"வரட்டும், வரட்டும். வரணும்."

எல்லாம் முடிந்து பிடியை அமுக்கினால், அது பழையபடி கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"அடடா," என்றார் மேனேஜர்.

"அடடா," என்றார் நிதானம். "விட்டுடலாமா சார்?"

"ஒரே தடவையில விட்டா, முயற்சியே பண்ணலைன்னு நாலு பேர் பேசுவாங்க. இன்னொரு தடவை பார்த்துடலாம். கை கழுவிட்டு வர்றேன்."

அவர் உள்ளே போனதும் நிதானம் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் எண்ணெய்க் குழாயை மேலிருந்து கீழ்வரை தட்டு தட்டென்று தட்டினார். எங்கேயாவது விரிசல் விட்டால் புண்ணியம். அது அசைந்து கொடுக்கவில்லை. மேனேஜர் திரும்பி வர, நிதானம் தேநீர் போடப் போனார். கோப்பையோடு வந்தபோது, மேனேஜர் ஒரு கையால் பிடியை அமுக்கிக்கொண்டு, மறு கையால் கீழேயிருந்த திருகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சும்மா செக் பண்ணேன்," என்றார், திருதிருவென்று விழித்து.

நிதானம் தேநீரை நீட்டிவிட்டுப் பிடியை அமுக்கினார். அது கல்லு மாதிரி நின்றது.

தட்டிய தட்டில் குழாயில் ஒட்டியிருந்த காற்றெல்லாம் கிளம்பியிருக்கிறது. திறந்து மூடியதில் அது வெளியே போயிருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ," என்றார் நிதானம். சட்டென்று, "சந்தோஷத்துல வந்துடுச்சு சார்," என்று சேர்த்துக்கொண்டார்.

மேனேஜருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. உழைப்பாளி, என்று நினைத்துக்கொண்டார் நிதானம்.

இனி யோசிக்க நேரமில்லை. சக்கரத்தையும் கட்டைகளையும் மாட்டி முடித்து, மேலே திருகியிருந்த கிண்ணத்தைக் கழற்றும்போது நிதானத்துக்குக் 'கை தவறியது'. எண்ணெய் மொத்தமும் கட்டைகளின் மேலும் சக்கரத்தின் நடுவே பளபளத்த டிஸ்க்கின் மேலும் சரியாகப் போய்க் கொட்டியது. குறி பார்த்துக் கொட்டினால்கூட அப்படி அமையாது. உண்மையில் குறி பார்த்துத்தான் கொட்டினார்.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"பரவாயில்ல நிதானம், பரவாயில்ல! யாருக்குத்தான் கை தவறாது?" மேனேஜரின் குரலில் தேன் ஒழுகியது. எண்ணெய் துடைத்த அதே துணியை எடுத்து, டிஸ்க் முழுக்க ஒரு இடம் விடாமல் தேய்த்தார்.

நிதானத்துக்கு மனசு கேட்கவில்லை. தங்கமான மனுஷன். நமக்காக லீவு நாளில் தரையில் உட்கார்ந்து பாடுபடுகிறார். அவரைப் போய் ஏமாற்றுகிறோமே. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பூசணிக்காய்க் கற்கள் ஞாபகம் வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"ஓட்டிப் பார்த்துடறேன்," என்று மேனேஜர் சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ஏறி உட்கார்வதற்கே இரண்டு முயற்சி ஆயிற்று. சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து போனது. மலையில் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சமதரை ஒத்துவராது போலிருக்கிறது என்று நிதானம் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தெருமுனையில் மேனேஜர் முன் பிரேக்கை அமுக்கினார். கழுதையின் வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் தெருவையே உலுக்கியது. சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. பின்னால் இன்னொரு பிரேக் இருப்பதே அவருக்கு நினைவு வரவில்லை. இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, "நகருங்க, நகருங்க!" என்று ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கத்தியபடி, எதிர்வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குள் புகுந்தார்.

"இப்பத்தானே துவைச்சுப் போட்டேன்!" என்று எதிர்வீட்டம்மா மாடியிலிருந்து கூப்பாடு போட்டாள்.

போர்வை எழுந்து நின்றது. அதற்குள்ளிருந்து வெளியே வந்த மேனேஜரின் முகம் பிரகாசமாக இருந்தது.

"நான் எவ்வளவோ பார்த்துட்டேன் நிதானம். இது ஆகாது. எல்லாருக்கும் சொல்லிடறேன். மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது? குழுன்னா குழு."

"எனக்குத்தான் சார் அழுகையா வருது," என்றார் நிதானம். அவர் உள்ளே ஒரு ஊர்வலமே ஆடிக்கொண்டு போனது.

மேனேஜர் போனை எடுக்கவும், நிதானத்தின் மனைவி வாசலுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"என்னங்க இது, வீடு பூரா எண்ணெய்? வாங்க சார், சாப்பிட்டீங்களா? சைக்கிளுக்கு என்ன?"

"பிரேக் போயிடுச்சும்மா," என்றார் நிதானம். "சாரே பார்த்துட்டாரு. ஆகாதாம்."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க சிரிஞ்ச் பிடிக்கிற கை. பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"கட்டையெல்லாம் எண்ணெய் குடிச்சிருக்கே. புதுசு போட்டாத்தான் பிடிக்கும்." மேனேஜரின் பையைத் திறந்தாள். "இதோ, பிரிக்காத பாக்கெட் இருக்கே சார்?"

"அப்படியா?" என்றார் மேனேஜர். "கவனிக்கலையே."

"விடு, நீ களைச்சு வந்திருக்கே. நிதானமா பண்ணலாம்," என்றார் கணவர்.

"நாளைக்கு மலையில நீங்க இறங்கறதை எங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் வந்து பார்க்கப்போறாங்க. நிதானமாவாம்!"

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுப் பளிச்சென்று துடைத்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று மஞ்சள் துண்டைச் செருகி, சிரிஞ்சில் எண்ணெயை இழுத்து, தலைகீழாகப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிக் கடைசிக் குமிழியையும் துரத்தினாள். மெதுவாக ஏற்றினாள். மேலே கிண்ணத்தில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்துவிட்டு உடைந்தது. புதுக் கட்டைகளையும் சக்கரத்தையும் மாட்டினாள். கட்டைகளைத் தாங்கியிருக்கும் காலிப்பரின் இரண்டு திருகையும் தளர்த்தி, பிடியை அமுக்கி வைத்தபடியே மறுபடி முறுக்கினாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். எங்கும் உரசவில்லை.

பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று போனாள். வேகமாக வந்து, ஒரே விரலால் பிடியைத் தொட்டாள். சைக்கிள் வாசல் கோட்டுக்கு நேராக ஆணி அடித்த மாதிரி நின்றது.

இரண்டு ஆண்களும் கை தட்டினார்கள். துக்க வீட்டில் கை தட்டும் வழக்கம் இருந்தால் அப்படித்தான் தட்டுவார்கள்.

"அருமைம்மா," என்றார் மேனேஜர். "ஆனா நாளைக்கு... என் சைக்கிள் வேற..."

அவர் முடிப்பதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. பின்னால் ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற காரின் ஜன்னலிலிருந்து மேனேஜரின் மனைவி எட்டிப் பார்த்தாள். மதில் மறைப்பில் நின்ற மற்ற இருவரையும் கவனிக்காமல், அவள் தன் கணவரைப் பார்த்து உரக்கக் கேட்டாள்:

"என்னங்க, இறக்கத்துக்குப் பயந்து நீங்க நேத்து உங்க சைக்கிள்லேருந்து வடிச்சு விட்ட எண்ணெயைத் திரும்ப ஊத்தி, பழி உங்க மேல வரக்கூடாதுன்னு சைக்கிளைச் சரி பண்ணிக் கொண்டுவந்துட்டேன். இங்க வந்து நிதானத்தோட பிரேக்கைச் சரியாக விடாமப் பார்த்துக்கறேன்னு போனீங்களே, அது முடிஞ்சுதா இல்லையா?"