பொன்னி அவென்யூவுக்கு ஒரு தார்ச்சாலை

மெஹராஜ் பேகத்தின் இடது செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. குனிந்து துழாவினாள். முழங்கை வரை உள்ளே போனதுதான் மிச்சம். பத்தரை மணிக்குப் பேரூராட்சிக் கூட்டம். மணி பத்தேகால்.

"விடு மெஹராஜ், அடுத்த நடவுக்கு முளைச்சு வந்துரும்" என்றார் வாசலில் நின்ற கணவர் மூஸா.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இன்னிக்கு ரோட்டை வாங்காம வீட்டுக்கு வரமாட்டேன்."

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், ஐந்து வருஷத்துக்கு முன்புவரை சம்பா விளைந்த நிலத்தில் எழும்பியது பொன்னி அவென்யூ. முப்பத்தெட்டு வீடுகள். மனை விற்றவர் காட்டிய வண்ணத் தாளில் முப்பதடிச் சாலையும் இரண்டு பக்கமும் பூமரங்களும் இருந்தன. அதை நம்பித்தான் மூஸா துபாயில் பத்தொன்பது வருஷம் உழைத்ததை இங்கே கட்டடமாக்கினார். மழை வந்தால் அந்த மண்ணுக்குத் தான் வயலாக இருந்தது ஞாபகம் வந்துவிடும்.

ஒரு ஐப்பசியில் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய்க்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. டிராக்டர் பெட்டியில், தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளை பிறந்தது. அதைத் துண்டில் வாங்கியவள் மெஹராஜ். அடுத்து வந்த பேரூராட்சித் தேர்தலில் 'ரோடு' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி நின்றாள். பதினொரு ஓட்டில் ஜெயித்தாள்.

இப்போது புதுக் குடியிருப்புகளுக்குச் சாலை போட நிதி வந்திருந்தது. அறுநூறு மீட்டருக்குப் போதும். மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் மதகைத் தாண்டி நகருக்கு நேராக வந்தால் ஐந்நூற்றைம்பது மீட்டர். அல்லாவே அளந்து கொடுத்ததுபோல் இருந்தது. பதினைந்து கவுன்சிலர்களில் எட்டுப் பேர் கை தூக்க வேண்டும். அவளோடு சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள்.

ஒற்றைச் செருப்போடு அவள் நுழைந்ததைப் பார்த்துத் தலைவர் சாரங்கபாணி, "என்ன மேடம், வேண்டுதலா?" என்று கேட்டார்.

"இன்னொரு செருப்பு ரோட்டுல உக்காந்து தர்ணா பண்ணுதுங்க, தலைவரே."

எட்டாவது கைக்காக, ரைஸ் மில் வைத்திருக்கும் கவுன்சிலர் இளையபெருமாளை டீ நேரத்தில் பிடித்தாள்.

"அக்காவுக்கு இல்லாத கையா? ரோட்டை மட்டும் நம்ம மில் பக்கமா லேசா வளைச்சு விடுங்க. ஒரு நூத்தம்பது மீட்டரு. லாரி வந்து திரும்பணும்ல?"

கணக்குப் போட்டாள். நூறு மீட்டர் குறையும். அந்த நூறு மீட்டருக்குச் செங்கல் பரப்பி நடந்துகொள்ளலாம். "சரி தம்பி" என்றாள்.

மில்லுக்கு ரோடு வளைந்த செய்தி டீ ஆறுவதற்குள் ஹாலைச் சுற்றி வந்துவிட்டது. அவள் பக்கம் இருந்த மற்ற ஆறு பேருக்கும் திடீரென்று கை வலித்தது. ஒருவர் குளத்தைச் சுற்றி வரச் சொன்னார். இன்னொருவருக்குத் தென்னந்தோப்பு வாசல் வேண்டும். தலைவரோ தன் கல்யாண மண்டபத்தில்தான் சாலை ஆரம்பிக்க வேண்டும் என்றார். "மங்களகரமா இருக்கும் மேடம்."

முதலில் தீர்மானம் நிறைவேறட்டும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று எல்லாருக்கும் தலையாட்டினாள். ஏகமனதாக நிறைவேறியது. மெஹராஜ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூஸாவுக்குப் போன் போட்டாள்.

"பதினஞ்சு பேரும் தூக்கிட்டாங்க! ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிட்டாருங்க!"

அன்று சாயங்காலம் பொன்னி அவென்யூவில் பட்டாசு வெடித்தது.

அடுத்த வாரம் கான்ட்ராக்டரின் ஆட்கள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு மண்டபத்தில் கிளம்பியது. தோப்பை எட்டிப் பார்த்தது, மில்லைத் தொட்டது, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அறுநூறாவது மீட்டரில், நட்டநடு வயலில் நின்றுவிட்டது. அங்கிருந்து நகர் இன்னும் நானூறு மீட்டர். கோட்டின் முனையில் ஒரு கொக்கு மட்டும் நின்றிருந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பொன்னுத்தாய் கோட்டையும் மெஹராஜையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இது கொக்குக்கா போட்டீங்க?"

மெஹராஜ் நேரே சாரங்கபாணியிடம் போனாள்.

"தீர்மானத்துல உங்க கையெழுத்தும் இருக்கே மேடம்" என்றார் அவர், வெகு மரியாதையாக.

அன்றைக்கே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். வேலையை நிறுத்த வேண்டும். அரசாங்க வரைபடத்தை வைத்து, சர்வேயரைக் கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து நகர் வரை நேராக அளக்க வேண்டும். அந்தக் கோட்டில்தான் சாலை போட வேண்டும். மூன்று வாரம் அலைந்தாள். சர்வேக்கு உத்தரவு வந்துவிட்டது.

ஊரே ஆடிப்போனது. சாரங்கபாணி முதல்முறையாகச் சேற்றை மிதித்து அவள் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், சர்வே மட்டும் வேணாம். அளக்க ஆரம்பிச்சா எவன் சுவரு எவன் எடத்துல நிக்குதுன்னு கிளம்பிடும். மண்டபத்தையும் தோப்பையும் விட்டுர்றேன். உங்க நகர் வரைக்கும் நானே போட்டுக் குடுக்கிறேன்."

மூஸா அவசரமாகக் கண் காட்டினார். "சரின்னு சொல்லிரு மெஹராஜ்."

"முடியாதுங்க. அளந்தே ஆகணும். ஒரு அங்குலம்கூட யாரும் ஏமாத்தக் கூடாது."

சர்வே நாளில் முப்பத்தெட்டு வீட்டாரும் கூடிவிட்டார்கள். கவுன்சிலர்கள் குடைக்கடியில் முகம் வெளுத்து நின்றார்கள். சர்வேயர் வரைபடத்தோடு முன்னால் போக, அவருடைய சங்கிலி ஆள் வீரையன் பின்னால் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார். நூறு மீட்டர், இருநூறு, முந்நூறு. கோடு நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. மெஹராஜ் தலைவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

வாய்க்கால் மதகில் சர்வேயர் நின்றார். வரைபடத்தைத் திருப்பினார். தலைகீழாகப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார், இன்னும் கொஞ்சந்தானே? இழுங்க" என்றாள் மெஹராஜ்.

வீரையன் மதகு ஓரத்துக் கோரையை மண்வெட்டியால் செதுக்கித் தள்ளினார். உள்ளே ஒரு பழைய கருங்கல் நின்றது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நகரை ஒரு முறையும் மெஹராஜை ஒரு முறையும் பார்த்தார்.

"எல்லைக்கல்லு இங்கனயே நிக்குதும்மா, வாய்க்காலுக்கு அந்தாண்ட பூரா பக்கத்து ஊராட்சி, உங்க வீடும் அந்தாண்டதானே இருக்கு, அப்ப நீங்க எப்படிம்மா இங்க கவுன்சிலர் ஆனீங்க?"