நான்கு முயல்களுக்குக் கீரை மசியல்

ஜெர்மன் மொழியில் எனக்குச் சரளமாக வந்த ஒரே சொல் 'யா'. ஆமாம் என்று அர்த்தம். புரிந்தாலும் யா, புரியாவிட்டாலும் யா. (புரிந்தது குறைவு என்பதால் யா கொஞ்சம் அதிகமாகவே செலவானது.)

மதுரையிலிருந்து ஜெர்மனியின் பான் நகருக்குக் குடிவந்த புதிது. கம்ப்யூட்டர் வேலை, ஆபீசில் ஆங்கிலமே போதும். வீட்டில் நான், மனைவி சுமதி, இரண்டு மகள்கள். எல்லாம் கிடைத்தது, கீரைதான் இல்லை. கடையில் செங்கல் மாதிரி உறைந்த பசலை விற்றார்கள். அதிலும் பாலாடையைக் கலந்திருந்தார்கள். விடாமல் கடைந்து தாளித்துப் பார்த்தேன். பாயசத்தில் கடுகு விழுந்தது போல் இருந்தது.

அப்படியிருக்கையில், சனிக்கிழமைச் சந்தையில் அந்த அநியாயத்தைக் கண்டேன். ஹெல்கா என்ற காய்கறிக்கார அம்மா முள்ளங்கி, நூக்கோல் இலைகளைத் திருகித் திருகி ஒரு பெட்டியில் எறிந்துகொண்டிருந்தார். தளதளவென்று இலை! பெட்டியைக் காட்டி, "எனக்கு?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஹாஸனுக்கா?"

நான் படித்த ஆரம்ப வகுப்பு ஜெர்மனில் 'ஹவுஸ்' என்றால் வீடு. வீட்டுக்கா என்று கேட்கிறார், வட்டார உச்சரிப்பு போலிருக்கிறது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். "யா!"

"எத்தனை?"

"நாலு."

"ஆணா, பெண்ணா?"

(இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் விவரம் கேட்பார்கள்.) "ஆண் ஒன்று, பெண் மூன்று."

"ஐயோ, சீக்கிரமே வீடு நிறைந்துவிடுமே!"

"இல்லை இல்லை, இதுவே போதும்" என்று வெட்கத்தோடு சொன்னேன்.

அதன்பின் வாராவாரம் ஒரு பை நிறைய இலை. ஹெல்கா அம்மா மறக்காமல் நலம் விசாரிப்பார். இவ்வளவு பாசமான ஊரா என்று நெகிழ்ந்துபோய், ஒருநாள் என் சமையல் ஞானத்தை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பூண்டு போடுவேன், பச்சைமிளகாய் போடுவேன், வேகவைத்துக் கட்டையால் அடி அடியென்று அடிப்பேன். கடைவதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று தெரியாததால் கையால் செய்தும் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்தது. "பச்சைமிளகாயா? அதுகளுக்கா?"

"யா! சின்னது அழும். அழுதாலும் விடமாட்டேன், வாயைத் திறந்து ஊட்டிவிடுவேன்."

அவர் என் கையைப் பிடித்து, உடனே வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். மசியல் மேல் இப்படியொரு ஆசையா! முகவரியைச் சொல்லி, ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன்.

ஞாயிறன்று சுமதியை அடுப்படிப் பக்கமே விடவில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், சீரகம், துளி புளி சேர்த்து வேகவைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மத்தால் கடைந்து, வடகம் தாளித்துக் கொட்டினேன். கீழ்வீட்டு ரஞ்சி அக்காவையும் அழைத்திருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மன்காரர்களுக்கே ஜெர்மன் சொல்லித்தரக் கூடியவர்.

ஹெல்கா அம்மா வந்தார். கையில் ஒரு கட்டு வைக்கோல், ஒரு பை கேரட். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் ஒவ்வொரு அறையாகப் போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். குளியலறையைத் திறந்தார். கடைசியில் அடுப்படிக்குள் நுழைந்து, மூடியிருந்த சட்டியைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து அலறினார்.

ரஞ்சி அக்கா அவரோடு ஏதோ பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, முயலுகளை எங்கை வச்சிருக்கிறியள்?"

"எந்த முயல்க்கா?"

"நாலு முயல் இருக்கெண்டு நீங்கள்தானாம் சொன்னனீங்கள். ஒரு கடுவனும் மூண்டு பெட்டையுமாம். உள்ளியும் பச்சைமிளகாயும் தீத்திக் கட்டையால அடிக்கிறியளாம். இப்ப கறி வச்சிட்டியளோ எண்டு மனுசி நடுங்குது. தம்பி, ஹாஸன் எண்டால் முயல்!"

என் காது இரண்டும் கொதித்தன. சட்டி மூடியைத் திறந்து காட்டினேன். பச்சைப் பசேலென்று மசியல். ஒரு கையால் என் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, மறுகையால் சுமதியையும் பிள்ளைகளையும் காட்டி, "ஹாஸன்... நாலு" என்றேன்.

சுமதி விஷயம் புரிந்து சொன்னாள்: "என்னங்க, என்னைப் பெட்டை முயல்னா சொல்லிட்டு வந்தீங்க?"

ஹெல்கா அம்மா வைக்கோல் கட்டின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ரொட்டியைத் தொட்டு இரண்டு கிண்ணம் மசியல் சாப்பிட்டார். (பச்சைமிளகாயைக் கடித்து மறுபடியும் அழுதார், அது வேறு.)

பானில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் இப்போது அந்த மசியலுக்கு முயல்கீரை என்றே பெயர். போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த புது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ரகசியமாகச் சொன்னாள்: "அண்ணா, சந்தையில போய் நாலு முயல் வளர்க்குறேன்னு சொன்னா, அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கீரை சும்மா குடுக்குறாங்க. யாரோ ஒரு பெரிய கில்லாடி கண்டுபிடிச்ச ஐடியாவாம்."

சுமதிக்குப் புரையேறியது. நான் அந்தப் பெண்ணின் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைத்தேன்.