ஆட்டு இதயத்துக்கு நான் தைத்த இரண்டு கிளைகள்

நான் ஓர் அரசாங்க அதிகாரியை ஏமாற்றியிருக்கிறேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், இல்லை. (தையலை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்கலாம். அந்த வருத்தம் மட்டும் உண்டு.)

பிரெஞ்சுக்காரர் காலம். பாகூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியை. வயது பத்தொன்பது. பட்டணத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, என் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் செல்லிப்பட்டு தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அம்மா நாள்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மாமா கெட்டவர் இல்லை. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். சாப்பிடும்போது பேச மாட்டார், மற்ற நேரத்திலும் பேச மாட்டார்.

பொருளைக் கண்ணெதிரே வைத்துப் பாடம் நடத்துவதுதான் அப்போதைய வழக்கம். இலைப் பாடம் என்றால் மேஜை மேல் இலை இருக்க வேண்டும். நான் இதயத்தைத் தேர்ந்தெடுத்தேன். இலையை யார் வேண்டுமானாலும் நடத்தலாமே என்ற தலைக்கனம்.

புத்தகத்தில் இருந்தபடியே வரைந்து சுவரில் மாட்டிய படத்தில், இதயத்திலிருந்து ஒரு பெரிய தமனி கிளம்பி வில்லாக வளையும். அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் தலைக்கும் கைகளுக்கும் போகும். கறிக்கடை அந்தோணி அண்ணனிடம் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து பார்த்தேன். வளைவு இருந்தது. கிளை ஒன்றுதான் இருந்தது. திரும்பக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, மிச்ச ரெண்டு கிளைய அறுத்துட்டீங்களே."

"இன்னாம்மா சொல்ற? ஆட்டுக்கு அங்க ஒண்ணுதான் கெளம்பும்."

"பொஸ்தகத்துல மூணு போட்டிருக்கு."

"பொஸ்தகம் எழுதனவரு எந்த ஊரு ஆட்ட அறுத்தாராம்?"

மறுநாள் இன்னொன்று வாங்கினேன். அதிலும் ஒன்று. அதற்கடுத்த நாள் வாங்கியதிலும் ஒன்று. (எதுவும் வீணாகவில்லை, அம்மா மிளகு போட்டு வறுத்துவிட்டாள்.) அறிவுள்ள யாருக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். நானோ அந்தோணி அண்ணனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, அதைத் தண்ணீர் எடுக்கப் போன இடத்திலெல்லாம் சொல்லியும் வைத்தேன். படத்தில் இருப்பது மனுஷ இதயம், கையில் இருப்பது ஆட்டு இதயம் என்பது என் மூளைக்கு ஏறவே இல்லை. படித்த திமிர் என்றால் இதுதான்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் நாலாவது இதயமும் ஒற்றைக் கிளையோடு வந்தது. கொல்லையில் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. அதன் இலைக் காம்பு உள்ளே குழாய்போல் கூடாக இருக்கும். இளசாக இரண்டு ஒடித்து, சுணை போகத் துணியால் தேய்த்து, வெள்ளை நூலால் வளைவில் தைத்து, ஆட்டு ரத்தத்தைப் பூசினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது எது அசல் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் நம்மவர்தான். ஆனால் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத நம்மவர். இதயத்தை வைத்திருந்த தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலால் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு எண்ணினார்.

"மூன்று. படத்தில் உள்ளபடியே. த்ரே பியேன்" என்றார். மிக நன்று என்று அர்த்தம். பிள்ளைகளைக் கைதட்டவும் சொன்னார். செல்லிப்பட்டு மாமா என் வாழ்க்கையை விட்டு மாட்டுவண்டி ஏறிப் போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் உள்ளே வந்தார். கையில் வாழையிலை. அதில் கழுத்தோடு சேர்ந்த ஓர் ஆட்டு இதயம்.

"மன்னிக்கணும் ஐயா. எனக்குக் கத்தி புடிக்கத் தெரியாம குழாய அறுத்துட்டேன்னு இந்த வாத்தியாரம்மா ஊரெல்லாம் சொல்லுது. இருபது வருசமா இதான் எனக்குத் தொழிலு. எதையும் வெட்டாம கழுத்தோட கொண்டாந்திருக்கேன். நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் எண்ணினார். ஒன்று. பிறகு என் தாம்பாளத்தைப் பார்த்தார். இரண்டு விரலால் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். காம்பு நூலோடு கையில் வந்தது. பச்சை நுனி தெரிந்தது.

"இது என்ன?"

"பூசணி" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "அரசாங்கத்தை ஏமாற்றியதாக எழுதப்போகிறேன். இத்தோடு உன் வேலை முடிந்தது" என்று பேனாவைத் திறந்தார்.

அழ வேண்டிய இடம். எனக்கோ கோபம்தான் வந்தது.

"எழுதுங்க ஐயா, நான் செஞ்சது தப்புதான். பூசணிக் காம்பத் தொட்டு எண்ணிட்டு நீங்க த்ரே பியேன் சொன்னதையும் சேத்து எழுதுங்க. படத்துல இருக்குன்னு நானும் மூணுன்னேன், நீங்களும் மூணுன்னீங்க. நீங்க அறுத்துப் பாத்தீங்களா? நானும் பாக்கல. பாத்தவரு இவரு ஒருத்தர்தான்."

அந்தோணி அண்ணன் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் பேனா வெகுநேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. கடைசியில் எழுதிய வரி இது: 'பாடத்தில் ஆர்வம் உண்டு. கைவேலையில் நல்ல தேர்ச்சி.' கையெழுத்துப் போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

வேலை நிரந்தரமானது. மாமாவுக்கு வேறு பெண் அமைந்தாள். அந்தோணி அண்ணனிடம் அன்றே போய், கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நான் தலைகுனிந்தது அவர் ஒருவரிடம்தான். "வுடும்மா. அடுத்தவாட்டி ஈரல் பாடம்னா முன்னாடியே சொல்லு, நானே வந்து நடத்திட்டுப் போறேன்" என்றார்.

கதை வீட்டில் தங்கிவிட்டது. யார் எதை அடித்துப் பேசினாலும் மற்றவர்கள், "அறுத்துப் பாத்தியா?" என்பார்கள். உடனே பேசியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதிகம் மூடியது நான்தான்.

ரொம்ப வருடம் கழித்து, டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தாள். சோற்றில் கை வைத்தபடியே, "அத்தை, மனுஷனுக்கும் எல்லாருக்கும் மூணு கிளை இல்ல தெரியுமா? சில பேருக்கு ரெண்டு, சில பேருக்கு நாலு" என்றாள்.

"அறுத்துப் பாத்தியா?" என்றார் அண்ணன், பழக்க தோஷத்தில்.

"பாத்தேம்பா. போன வாரம். ரெண்டுதான் இருந்துது" என்றாள்.

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஆமாம் என்று பதில் சொன்ன முதல் ஆள் அவள்தான்.