மூக்கன் குடும்பத்துத் தபால் பெட்டி

ஒரு குடும்பத்தின் முகவரியை நான் வேண்டுமென்றே சாகவிட்டேன். மறதியில் நடந்துவிட்டது என்று அப்போது சிலரிடம் சொன்னேன். அது பொய். கோபத்தில் செய்தேன்.

அந்த முகவரிக்குச் சொந்தக்காரரைக் கொடைக்கானலில் எல்லோரும் பெரட்டுக்காரர் என்பார்கள். இந்த மலையில் இன்டர்நெட்டை அவரளவுக்கு நம்பியவரும் கிடையாது, அதை அவரளவுக்குப் பாடாய்ப் படுத்தியவரும் கிடையாது. பெரட்டு என்றால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கே பிறந்து, கப்பலேறி வந்து, இங்கே கேரட் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தே நரைத்தவர் அவர். அந்த நாட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து இந்தப் பெரட்டுதான். பஸ் ஏறினால்கூட வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே உட்காருவார். கண்டக்டர்கள் அவரைக் கண்டால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நான் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டெல்லா நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்த மப்ளரோடு பெரட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

"வாத்தியாரய்யா, எங்க குடும்பத்துக்குச் சொந்தமா ஒரு ஈமெயில் ஊரு வேணும்."

"ஊரா?"

"ஆமாங்க. பேருக்குப் பின்னால ஒரு சுழி போட்டு ஊரு போடுறாங்கல்ல. அந்த ஊரு எங்க அப்பா பேர்ல இருக்கணும். மூக்கன்குடும்பம் டாட் காம்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "பெரியவரே, ஓசியிலயே குடுக்குறாங்க. எதுக்குக் காசக் கரியாக்குறீங்க?"

"ஓசி ஊர்ல ஊர்ப்பட்ட சனம் கெடக்கு தாயி. அதுக்குள்ள எங்க அக்கா எங்கள எங்கிட்டுப் போயித் தேடும்?"

அதற்குப் பிறகு ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அக்கா காமாட்சி கல்யாணமாகி இலங்கைக் குடியுரிமையோடு அங்கேயே தங்கிவிட்டவள். தம்பிமார் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள். கலவரத்துக்குப் பிறகு கடிதங்கள் நின்றுபோயின. அவள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்துக் கூலி வீட்டு வரிசைக்கு, எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. இவர்கள் இங்கே எத்தனையோ இடம் மாறிவிட்டதால், அவள் எழுதியிருந்தாலும் வந்து சேர வழியில்லை. அவளுக்கு மறக்கவே முடியாத முகவரி அப்பாவின் பெயர் ஒன்றுதான் என்பது பெரட்டுக்காரரின் கணக்கு.

ஊர்ப் பெயர் மலிவாகக் கிடைத்தது. பெட்டிதான் கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் தலைக்கு இவ்வளவு என்றார்கள். மூக்கன் குடும்பத்தில் தலைகள் அதிகம். வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை என்று ஒரு கம்ப்யூட்டர் கடையையும் அவர் விடவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனிக்கு போன் போட்டு என் முன்னாலேயே பேரம் பேசினார்.

"ஏம்மா, சின்னப் புள்ளைகளுக்கு அரை டிக்கெட் கெடையாதா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"சரி. என் தம்பி சம்சாரத்துக்கு எழுதப் படிக்க ஏலாது. அதுக்குமா முழுக்காசு? அது பெட்டியத் தெறக்கவே தெறக்காதும்மா!"

அந்தப் பெண் அழாத குறையாக ஒரு வழி சொன்னாள். ஒரே ஒரு பெட்டிக்குப் பணம் கட்டினால் போதும். அந்த ஊருக்கு எந்தப் பெயரில் மெயில் வந்தாலும் அதிலேயே விழும்படி வைத்துவிடலாம். பெரட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தோட்டத்துலயும் இதேதான் ஐயா! லெட்டர் பூராம் ஆபீஸுக்கு வரும். பெரட்டுல நிக்கறப்ப கணக்கப்பிள்ளை பேர் கூப்புட்டுக் குடுப்பாரு!"

கிரெடிட் கார்டு என்னிடம்தான் இருந்தது. எல்லாவற்றையும் என் பெயரில் பதிந்தேன். நன்றிக்காக அந்த ஊரில் எனக்கும் 'வாத்தியார்' என்று ஒரு முகவரி கொடுத்தார்.

ஞாயிறு தோறும் வெள்ளனே ஸ்டெல்லாவின் கடை நிரம்பிவிடும். வந்த மெயில்களையெல்லாம் பெரட்டுக்காரர் எழுந்து நின்று உரக்கப் படிப்பார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள், சூடு கேட்டு வாங்கிய டீ ஐஸ் டீ ஆகிவிடும். அவர் தங்கை மகள் செல்வி வட்டக்கானல் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுடைய ஆள் புத்திசாலித்தனமாக ரோஜா என்ற பெயருக்கு எழுதிவிட்டான்.

"ரோஜா! யாரு ரோஜா? கையத் தூக்கு!"

யாரும் தூக்கவில்லை.

"நம்மள்ல ரோஜா கெடையாதே. பரவால்ல, வந்த லெட்டர மதிக்கணும். படிச்சுருவோம்." எழுத்துக்கூட்டினார். "லாட்ஜ் வாசல்ல... நீல ஸ்வெட்டர்ல... நீ நின்ன நெனப்பு..."

மொத்தக் கூட்டமும் செல்வியின் நீல ஸ்வெட்டரைப் பார்த்தது. செல்வி ஸ்வெட்டரைக் கழற்றப் பார்த்தாள். ஆவணியில் கல்யாணம்.

அக்காவுக்காக அவர் துண்டுச் சீட்டு அடித்து வைத்திருந்தார். "மூக்கன் மகள் காமாட்சி எந்தப் பேருக்கும் எழுதலாம், ஊர் மட்டும் சரியாகப் போடவும்." பழனிக்கு வரும் இலங்கை யாத்ரீகர்களைத் தேடிப் போய், மொட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் திணித்துவிடுவார். கை எடுக்க முடியாமல் அவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

அவரைப் பார்த்துச் சிரித்த நான் ஒருநாள், புதுமைக்காக, என் மகனுக்கு அந்த வாத்தியார் முகவரியிலிருந்தே எழுதினேன். தனியாக இருக்க முடியவில்லை, உன்னோடு வந்துவிடவா என்று கேட்டிருந்தேன். பதிலும் அங்கேயே வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"வாத்தியார்!" என்று கூப்பிட்டார். நான் எழுந்து தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "அப்பா... நீங்க இங்க... வந்து தங்குறது... எங்களுக்கு... சரிப்படாது..." ஒவ்வொரு எழுத்தாக, அத்தனை பேர் நடுவே. செல்வியின் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

வீட்டுக்குப் போனேன். என் சொந்தப் பெட்டியில் நினைவூட்டல் ஒன்று கிடந்தது. மூக்கன்குடும்பம் டாட் காமுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அழித்தேன். மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன்.

பெட்டி திறக்காமல் போயிற்று. கொஞ்ச நாளில் அந்த ஊரை வேறு யாரோ வாங்கி, பல் கட்டும் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

"இது யாரு பல்லு?" என்றார் பெரட்டுக்காரர் திரையைப் பார்த்து.

"தெரியல தாத்தா" என்றாள் ஸ்டெல்லா. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மழ விட்டாச் சரியாயிரும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். மழை விட்டது, பனி வந்தது, பனியும் போனது. ஞாயிறு தோறும் வந்து அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தார் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் அவர் ஒருவர்தான் வந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "மகன் லெட்டரப் படிச்சதுக்கா?"

"ஆமாம்."

"நல்ல சேதின்னா தனியாப் படிச்சுக்கலாம் ஐயா. கெட்ட சேதிய எங்க தோட்டத்துல ஒத்தையில படிக்க விடமாட்டாக. அதான் நிறுத்தாமப் படிச்சேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊரைத் திருப்பித் தரச் சொல்லி, அதை வாங்கியிருந்தவனுக்கு எழுதினேன். என் பென்ஷனால் எட்ட முடியாத விலை சொன்னான். கெஞ்சி எழுதினேன், விலையை ஏற்றினான். வேறு வழியில்லாமல் அதே மூக்கன்குடும்பம், ஆனால் டாட் இன் என்று முடியும் ஊரை வாங்கி, பெரட்டுக்காரர் பெயரிலேயே பதிந்து கொடுத்தேன். புதுச் சீட்டுகள் அடித்து, அவரோடு பழனி அடிவாரத்தில் நின்று நானும் கொடுத்தேன். பழைய சீட்டுகள் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போயினவோ, அவற்றை யார் திரும்ப வாங்குவது? காமாட்சியிடமிருந்து இன்றுவரை எதுவும் வரவில்லை.

அவருடைய கடைசி மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. கடையில் நாங்கள் இருவர்தான்.

"பெட்டி செத்துக் கெடந்தப்ப அக்கா எழுதியிருக்குமா ஐயா?"

"தெரியாது" என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

"எழுதியிருந்தா, தம்பி பதில் போடலியேன்னு நெனச்சிருக்கும்." மப்ளரை இறுக்கிக்கொண்டார். "அடிங்க, பதில் போட்டுருவோம்."

"எந்த முகவரிக்கு?"

"காமாட்சி. ஊரு நம்ம ஊரு."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "அக்கா, நாங்க ஊரு மாறிட்டோம். காம் போயி இன் வந்துருச்சு. நீ எழுதுனது கெடைக்கல. தப்பு எங்க மேலதான்."

விரல் நின்றுவிட்டது. "என் மேல என்று போடுகிறேன்" என்றேன்.

"எங்க மேலன்னே போடுங்க. நீங்களும் நம்ம ஊருதான?"

அனுப்பினேன். அந்த ஊரின் ஒரே பெட்டியில் அடுத்த நிமிடமே வந்து விழுந்தது. அப்படித்தான் விழும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மெல்ல எழுந்து நின்று, காமாட்சி பேருக்கு வந்திருந்த அந்த மெயிலை முதல் எழுத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.