சலூன் சுவரில் மேதைகள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வேலைக்கு நடுவே இதைப் பிரித்துப் படிக்க வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே எனக்குக் குரல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சித்தியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் பட்டம் வாங்கியதற்கு நீங்கள் அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. மற்றவர்கள் துணியும் பாத்திரமும் தந்தார்கள். எழுத்தாளர்களையும் சிந்தனையாளர்களையும் என் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்கு மட்டும்தான் தோன்றியது. அதை நான் மறக்கமாட்டேன். வீட்டுச் சுவரில் ஆணி இறங்கவில்லை என்று அப்பா அவற்றைத் தன் சலூனிலேயே கண்ணாடிக்கு மேலே வரிசையாக மாட்டிவிட்டார். ஒரு தத்துவ அறிஞருக்குப் பூசணிக்காய் அளவு தலை, அதைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேர் தள்ளுகிறார்கள். ஒரு நாவலாசிரியர் மைக்கூட்டுக்குள் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறார், பின்னால் அவர் மனைவி கரண்டியோடு நிற்கிறார். முடிவெட்ட வந்த மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இவருக்குத் தலை இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டார். "படிச்சுப் படிச்சு வந்ததுப்பா" என்றார் அப்பா. "உங்க பொண்ணும் விடாம படிக்குதே?" என்றார் அவர். கத்தரி அப்படியே நின்றுவிட்டது. மெக்கானிக்கின் கிருதா இன்னும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது.

அன்று மாலை அப்பா என்னை அதே நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"போன வருஷத்துக்கு இப்ப கொஞ்சம் பெருசாயிருக்கும்மா."

"அது கொண்டைப்பா."

"கொண்டை எது, தலை எதுன்னு எனக்குத் தெரியாதா? டிகிரியோட நிறுத்திக்கலாம். மேல்படிப்பெல்லாம் உடம்புக்கு ஆகாது."

அம்மா தன் பங்குக்கு மைக்கூட்டுக்காரரைக் காட்டி, "அந்தம்மா சும்மாவா கரண்டியத் தூக்குவா? என்ன பாடுபட்டாளோ" என்றாள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் நான் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். சித்தப்பா, தவறாக நினைக்காதீர்கள், அவையெல்லாம் பெரியவர்களைக் கேலி செய்ய அச்சடித்த படங்கள். கடையில் அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நான் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னேன். "பட்டம் வாங்கின பிள்ளைக்கு என் தம்பி கேலிப்படமா அனுப்புவான்? அவன் அப்படிப்பட்டவனா?" என்று கேட்டார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான்.

உங்கள் அன்புக்கு என்றும் நன்றியுள்ள,
அண்ணன் மகள்

பி.கு.: அப்படிப்பட்டவர்தான் என்று நீங்களே அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட முடியுமா, சித்தப்பா? தெரிந்தேதான், விளையாட்டுக்கு அனுப்பினேன் என்று. கொஞ்ச நாள் உங்களோடு பேசமாட்டார். அதற்குள் நான் கல்லூரியில் சேர்ந்துவிடுவேன்.